நுரையீரல் பரிசோதனைத் தாளை எங்கிருந்து படிப்பது?

குழாயில் ஊதி மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை எடுத்து முடித்ததும் தரப்படும் தாளின் அடியில் ஒரு வரி அச்சாகியிருக்கும். ‘மிதமான அடைப்பு’, ‘லேசான சுருக்கம்’, ‘இயல்பு’ என்பதுபோல இரண்டு மூன்று சொற்கள். பெரும்பாலும் அதை எழுதியது மருத்துவர் அல்ல, இயந்திரத்தின் மென்பொருள். உள்ளே வந்த எண்களை ஒரு வாய்பாட்டோடு ஒப்பிட்டு, எல்லைக்கு மேலா கீழா என்று பார்த்து அச்சடித்திருக்கும். நோயாளி, உடன் வந்தவர், சில வேளைகளில் வரிசை நீண்டுவிட்ட மருத்துவர் என எல்லாருடைய கண்ணும் முதலில் போய் நிற்பது அந்த வரியில்தான்.

தாளைப் படிக்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் வரைபடம், பிறகு விகிதம், பிறகு கொள்ளளவு, அதன் பிறகு ‘யாரோடு ஒப்பிட்டார்கள்’ என்ற கேள்வி. அச்சான வரியைக் கடைசியில் பார்த்தால் போதும். அப்போதும் அது சொல்வது மூச்சு எந்த வகையில் குறைகிறது என்பதை மட்டுமே. ஏன் குறைகிறது என்பதை அந்தத் தாளுக்கு வெளியேதான் தேட வேண்டும்.

ஊதியது சரிதானா?

ரத்தச் சர்க்கரை பார்க்க நோயாளி கையை நீட்டினால் போதும். இங்கே உழைக்க வேண்டியவரே நோயாளிதான். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை உதடுகளால் இறுகக் கவ்வி, நுரையீரல் கொள்ளும் மட்டும் மூச்சை இழுத்து, ஒரு கணமும் தயங்காமல் முழு வேகத்தில் ஊத வேண்டும். இனி ஒன்றும் இல்லை என்று தோன்றிய பிறகும் விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் நின்று ‘இன்னும், இன்னும்’ என்று ஊக்குவிக்கும் டெக்னீஷியனின் குரலில் சுரத்து இல்லாவிட்டால் ரிப்போர்ட்டிலும் இருக்காது. இந்தப் பரிசோதனையின் தரத்தில் பாதி அவர் கையில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

அமெரிக்க மார்பு நோய்ச் சங்கமும் ஐரோப்பிய சுவாச நோய்ச் சங்கமும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட விதிகள் இதற்கென்றே பல நிபந்தனைகளை வைத்திருக்கின்றன. ஏற்கத்தக்க ஊதல்கள் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் மிகச் சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லி லிட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. முதல் ஒரு விநாடிக்குள் இருமினால் அந்த ஊதல் கணக்கில் சேராது. முடிவில், கடைசி ஒரு விநாடியில் 25 மில்லிக்கும் குறைவான காற்றே வெளிவரும் அளவுக்கு ஓய்ந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் 15 விநாடிவரை ஊதியிருக்க வேண்டும். பெரியவர்களை எட்டு முறைக்கு மேல் ஊதச் சொல்வது வழக்கமில்லை. அதற்குள் களைத்துவிடுவார்கள்.

இந்தக் கெடுபிடி எதற்கு என்பதை ஒரு கற்பனை ரிப்போர்ட்டை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் முழுமையாக ஊதி வெளியேற்றும் மொத்தக் காற்று 2.60 லிட்டர். தாளில் இதை எஃப்.வி.சி. என்று குறிப்பார்கள். அதில் முதல் விநாடியில் வெளியேறியது 1.43 லிட்டர். இதன் பெயர் எஃப்.இ.வி.1. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.55. மூச்சுக்குழாய் அடைப்பு இருப்பது தெளிவு. இதே ஆள் மூன்றாவது விநாடியிலேயே களைத்து நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் விநாடிக் கணக்கு மாறாது. மொத்தம் மட்டும் 2.00 லிட்டராகப் பதிவாகும். விகிதம் 0.72 ஆகிவிடும். அடைப்பு மறைந்துபோனது, கொள்ளளவு குறைந்தது. மென்பொருள் யோசிக்காமல் ‘சுருக்கம்’ என்று அச்சடிக்கும். சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயாளி ஒருவர் அரை நிமிடத்தில், நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் நார்த்தடிப்பு நோயாளியாக மாறிவிட்டார்.

நேர்மாறாகவும் நடக்கும். தொடக்கத்தில் வேகமில்லாமல் மெதுவாக ஊதி, பிறகு முழுவதையும் வெளியேற்றினால் எஃப்.இ.வி.1 மட்டும் குறைந்து, இல்லாத அடைப்பு தோன்றும்.

இந்தப் பிழைகள் எண்களில் தெரியாது, வரைபடத்தில் தெரியும். காற்றின் வேகத்தைக் கொள்ளளவுக்கு எதிராக வரையும் வளைவு, நல்ல ஊதலில் செங்குத்தாக ஏறிக் கூர்மையான உச்சி தொட்டு, ஏறக்குறைய நேர்கோட்டில் சரிந்து அடிக்கோட்டில் சேரும். பாதியில் நிறுத்தியவரின் கோடு சரிந்துவரும்போதே திடீரென அடிக்கோட்டில் விழுந்துவிடும். மெதுவாகத் தொடங்கியவருக்கு உச்சி மழுங்கியிருக்கும். மூச்சுக்குழாய் அடைப்பு உள்ளவரின் சரிவு உள்நோக்கிக் குழிந்திருக்கும். குரல்வளையிலோ பெரிய மூச்சுக்குழாயிலோ கட்டியோ தழும்போ இருந்தால் உச்சியே இல்லாமல் மேடைபோலத் தட்டையாகிவிடும். ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் மாற்றி மாற்றிக் கொடுத்தும் குறையாத இளைப்புக்கு இப்படி ஒரு தட்டை வளைவு காரணம் காட்டிய சந்தர்ப்பங்கள் மருத்துவ இலக்கியத்தில் நிறைய உண்டு. எண்களை மட்டும் பார்த்திருந்தால் அது தப்பியிருக்கும்.

இன்னொரு சிறு விஷயம், உயரம். எதிர்பார்க்கப்படும் அளவு பெருமளவு உயரத்தை நம்பியே கணக்கிடப்படுகிறது. நோயாளி வாயால் சொல்லும் உயரத்தை எழுதிக்கொள்வது பல இடங்களில் பழக்கமாக இருக்கிறது. செருப்பைக் கழற்றச் சொல்லி அளக்க வேண்டும். கூன் விழுந்தவர்களுக்கு இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து அதிலிருந்து உயரத்தைக் கணிக்க வேண்டும்.

முதல் விநாடியின் கணக்கு

நவீன ஸ்பைரோமீட்டரை 1846-ல் லண்டனில் அறிமுகம் செய்தவர் ஜான் ஹட்சின்சன் என்ற அறுவை மருத்துவர். மாலுமிகள், தீயணைப்பு வீரர்கள், போலீஸ்காரர்கள், அச்சுத் தொழிலாளர்கள், ஏழைகள், கனவான்கள் என 2,000-க்கும் மேற்பட்டோரை ஊதச் சொல்லி அளந்தார். உயரம் கூடினால் கொள்ளளவும் கூடுகிறது, வயது ஏறினால் குறைகிறது என்ற அவருடைய கண்டுபிடிப்பு இன்றைய எல்லா வாய்பாடுகளுக்கும் அடிப்படை. ஆயுள் காப்பீடு கேட்டு வருபவர்களைச் சலித்தெடுக்க இக்கருவி உதவும் என்று நம்பினார். பிறகு 1852-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போய், 1861-ல் ஃபிஜித் தீவில் இறந்துபோனார்.

அவர் அளந்தது எவ்வளவு காற்று என்பதை. எவ்வளவு வேகமாக என்பதை அல்ல. போதிய நேரம் கொடுத்தால் ஆஸ்துமா நோயாளியும் தன் காற்றில் பெரும்பகுதியை வெளியேற்றிவிடுவார். அவருக்குச் சிக்கல் வேகத்தில் இருக்கிறது. முதல் விநாடியைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற யோசனை வர நூறாண்டு ஆனது. 1947-ல் பிரான்ஸில் டிஃபெனோவும் பினெல்லியும் அதை முன்வைத்தார்கள். ஐரோப்பாவில் அந்த விகிதத்தை டிஃபெனோவின் பெயரால் அழைப்பவர்கள் இன்றும் உண்டு.

ஆரோக்கியமான இளைஞர் தன் காற்றில் ஐந்தில் நான்கு பங்கை முதல் விநாடியிலேயே ஊதித் தள்ளிவிடுவார். இந்த விகிதம் குறைந்தால் அடைப்பு. எந்த அளவுக்குக் குறைந்தால் என்பதில்தான் உலகம் இரண்டு முகாமாக நிற்கிறது. சி.ஓ.பி.டி.க்கான ‘கோல்ட்’ என்ற பன்னாட்டு வழிகாட்டி, மூச்சுக்குழாய் விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் விகிதம் 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்கிறது. எல்லா வயதுக்கும் ஒரே எல்லை. நினைவில் வைப்பது எளிது. ஆனால் வயதாக ஆக நுரையீரலின் மீள்தன்மை குறைந்து, நோய் எதுவும் இல்லாமலே விகிதம் இறங்கும். எழுபதைத் தாண்டிய நலமான ஒருவருக்கு 0.68 இருப்பது வியப்பல்ல. இருபத்தைந்து வயதில் 0.72 இருந்தால் அதுதான் யோசிக்க வேண்டியது. ஒரே எல்லை முதியவர்களிடம் இல்லாத நோயைக் காட்டும், இளைஞர்களிடம் இருக்கும் நோயை மறைக்கும்.

மறுமுகாம், அதே வயது, பாலினம், உயரம் கொண்ட நலமானவர்களில் கடைசி 5 சதவீதத்தினர் எங்கே நிற்கிறார்களோ அதுவே எல்லை என்கிறது. சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்பதைச் சொல்லும் புள்ளியியல் இசட் மதிப்பில் இது மைனஸ் 1.645. என் சாய்வு இந்தப் பக்கம்தான். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. கடைசி 5 சதவீதம் என்று கோடு போட்டால், நலமான நூறு பேரில் ஐந்து பேர் எப்போதும் கோட்டுக்குக் கீழேதான் நிற்பார்கள். இருமலோ இரைப்போ புகைப் பழக்கமோ இல்லாதவரைச் ‘செக்கப் பேக்கேஜில்’ ஊதச் சொல்லிவிட்டு, கோட்டை ஒட்டி வரும் எண்ணைப் பார்த்து இன்ஹேலர் எழுதுவது இந்த ஐவரில் ஒருவருக்கு வைத்தியம் பார்ப்பதாக முடியலாம்.

அடைப்பு உறுதியானால் அடுத்தது, மருந்துக்கு இறங்கிவருகிறதா என்ற சோதனை. மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமால் மருந்தை 400 மைக்ரோகிராம் கொடுத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். எஃப்.இ.வி.1 அல்லது எஃப்.வி.சி. 12 சதவீதமும், கூடவே 200 மில்லியும் ஏறினால் மருந்துக்குப் பலன் உண்டு என்பது 2005-ன் விதி. பல ஆய்வகங்கள் இன்னும் இதையே பின்பற்றுகின்றன. 2021-ன் புதிய விதி, அந்த நபருக்கு எதிர்பார்க்கப்படும் அளவில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும் என்கிறது. எதிர்பார்ப்பு 2.50 லிட்டர், முதலில் ஊதியது 1.00, மருந்துக்குப் பின் 1.21 என்றால், பழைய விதியில் 21 சதவீத ஏற்றம், பலன் உண்டு. புதிய விதியில் 8.4 சதவீதம்தான், பலன் இல்லை. ஒரே ஆள், ஒரே மூச்சு, விதியைப் பொறுத்து இரண்டு முடிவு. மருந்துக்கு ஏறினால் ஆஸ்துமா, ஏறாவிட்டால் சி.ஓ.பி.டி. என்று பிரிக்கும் பழக்கம் ஏன் நம்பத் தகுந்ததல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். சி.ஓ.பி.டி. நோயாளிகளிலும் கணிசமானோருக்கு ஏறும்.

ஆஸ்துமாவோ வந்து வந்து போகும் நோய். நல்ல நாளில், அதுவும் காலையில் இன்ஹேலர் போட்டுக்கொண்டு வந்து ஊதினால் தாள் ‘இயல்பு’ என்றே சொல்லும். அந்த நாளில் மூச்சுக்குழாய் திறந்திருந்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. சந்தேகம் வலுவாக இருந்தால் ஊதும் வேகத்தின் உச்சத்தைக் காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் வீட்டில் காலையும் மாலையும் ஊதிக் குறித்துவரச் சொல்வதோ, மெத்தகோலின் போன்ற, மூச்சுக்குழாயைச் சுருங்கத் தூண்டும் மருந்தை மிகச் சிறு அளவில் கொடுத்து எஃப்.இ.வி.1 20 சதவீதம் விழுகிறதா என்று பார்ப்பதோதான் அடுத்த வழி.

‘சுருக்கம்’ என்ற சொல்லை நம்பலாமா?

விகிதம் சரியாக இருந்து, மொத்தக் காற்று மட்டும் குறைந்தால் ‘சுருக்கம்’ என்று அச்சாகும். ஸ்பைரோமெட்ரி தாள்களில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் வரி இதுதான் என்பேன். நுரையீரல் உண்மையில் சுருங்கியிருக்கிறது என்று சொல்ல, அதனுள் மொத்தம் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது தெரிய வேண்டும். ஊதி முடித்த பிறகும் உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் காற்று தங்கியிருக்கும். அது வெளியே வராது. வராததை ஸ்பைரோமீட்டர் அளக்க முடியாது. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து அழுத்த மாற்றத்தை அளக்கும் பாடி பிளெதிஸ்மோகிராஃபியோ, ஹீலியம் வாயுவைச் சுவாசிக்கச் செய்யும் முறையோ வேண்டும்.

கனடாவில் 1,831 பேரிடம் இரண்டு வகையிலும் அளந்து 1999-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஸ்பைரோமெட்ரியில் சுருக்க வகை என்று தோன்றியவர்களில் முழு அளவீட்டிலும் அது உறுதியானது 58 சதவீதத்தினருக்கு மட்டும். கொள்ளளவு இயல்பாக இருந்தவர்களில் சுருக்கம் கண்டறியப்பட்டது வெறும் 2.4 சதவீதத்தினரிடம். ஸ்பைரோமெட்ரி ‘சுருக்கம் இல்லை’ என்று சொன்னால் ஏறத்தாழ நம்பிவிடலாம்; ‘இருக்கிறது’ என்று சொன்னால் நாணயத்தைச் சுண்டிவிடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

மீதிப் பேருக்கு என்ன? சிலர் பாதியில் நிறுத்தியவர்கள். சிலருக்குச் சிறு மூச்சுக்குழாய்கள் முன்கூட்டியே மூடிக்கொண்டு காற்று உள்ளே சிறைப்படுகிறது. தங்கிய காற்று ஏறினால் ஊதக்கூடிய காற்று குறையும். நுரையீரல் பெரிதாக உப்பியிருக்க, தாளோ சுருக்கம் என்கிறது. உண்மையான சுருக்கத்திலும் நுரையீரலே காரணமாக இருக்க வேண்டியதில்லை. வயிற்றுப் பருமன் உதரவிதானத்தை மேலே தள்ளலாம், முதுகெலும்பு வளைந்திருக்கலாம், நுரையீரல் உறையில் நீர் கோத்திருக்கலாம், மூச்சுத் தசைகள் பலமிழந்திருக்கலாம். தசைக் கோளாறு என்று ஐயம் வந்தால் நோயாளியைப் படுக்கவைத்து மறுபடி ஊதச் சொல்வது எளிய சோதனை. உட்கார்ந்தபோது இருந்ததைவிட நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தால் உதரவிதானத்தைச் சந்தேகிக்கலாம். இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். செய்பவர்கள்தான் குறைவு.

நுரையீரலுக்குள் கோளாறா, வெளியிலா என்று பிரிக்க உதவுவது டி.எல்.சி.ஓ. என்ற வாயுப் பரிமாற்றச் சோதனை. இதன் மூலவர் டென்மார்க்கின் மேரி குரோக். நுரையீரல் ஆக்ஸிஜனைச் சுரந்து ரத்தத்துக்குள் தள்ளுகிறது என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் வாதாடிய காலம் அது. இல்லை, அது தானாகவே ஊடுருவுகிறது என்று அவரும் கணவர் ஆகஸ்ட் குரோக்கும் நிறுவினார்கள். அந்தச் சர்ச்சைக்காக மேரி உருவாக்கி 1915-ல் வெளியிட்ட அளவீட்டு முறைதான் பின்னாளில் மருத்துவமனைக்கு வந்தது. சுமார் 0.3 சதவீதம் கார்பன் மோனாக்ஸைடு கலந்த காற்றை ஒரே மூச்சில் இழுத்து, 10 விநாடி அடக்கி, வெளியே விட வேண்டும். விஷவாயு என்று பயப்பட வேண்டாம், அளவு அவ்வளவு சிறியது. உள்ளே போனதில் எவ்வளவு ரத்தத்துக்குள் போனது என்பதே கணக்கு.

நார்த்தடிப்பில் இது குறையும். மார்புக்கூடோ தசையோ காரணமான சுருக்கத்தில் அந்த அளவுக்குக் குறையாது. அடைப்பு உள்ளவர்களில் நுண்ணறைகள் சிதைந்த எம்ஃபிசிமாவில் குறையும், ஆஸ்துமாவில் குறையாது. ஒரு விசித்திரமான சேர்க்கையும் உண்டு. எம்ஃபிசிமாவும் நார்த்தடிப்பும் ஒரே நுரையீரலில் இருந்தால் ஒன்று உப்பவைக்க, மற்றது சுருக்க, ஸ்பைரோமெட்ரி எண்கள் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இயல்பாக வந்து நிற்கும். டி.எல்.சி.ஓ. மட்டும் பாதாளத்தில் கிடக்கும். புகைபிடிக்கும் ஒருவர் மாடி ஏற முடியவில்லை என்கிறார், ஸ்பைரோமெட்ரி நன்றாக இருக்கிறது என்றால் ‘மனப் பிரமை’ என்று அனுப்பிவிடும் முன் இதை நினைக்க வேண்டும்.

நம் ஊரில் இந்தச் சோதனைக்கு இன்னொரு எச்சரிக்கை தேவை. கார்பன் மோனாக்ஸைடு பிடித்துக்கொள்வது ஹீமோகுளோபினை. ரத்தசோகை இருந்தால் நுரையீரல் நலமாக இருந்தும் எண் குறையும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஹீமோகுளோபின் அளவைச் சேர்க்காத டி.எல்.சி.ஓ. ரிப்போர்ட் ஒரு பெண்ணுக்கு வீண் சி.டி. ஸ்கேன் செலவை வைக்கலாம்.

ஒரே வடிவம், வெவ்வேறு நோய்

மேலைநாட்டுப் பாடநூல்களில் அடைப்பு என்றால் சிகரெட் முதல் காரணம். திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களை வைத்து நடத்தி 2011-ல் வெளியான ஆய்வு, விறகடுப்புப் புகையோடு சி.ஓ.பி.டி.யை இணைத்துப் பார்த்தது. ‘சிகரெட் உண்டா’ என்று கேட்டு ‘இல்லை’ என்றதும் ஆஸ்துமா என்று எழுதுவதற்கு முன், எத்தனை வருடம் அடுப்பூதினார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பழைய காசநோய் அதைவிடச் சிக்கலானது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். மருந்து முடித்து, கிருமி ஒழிந்த பிறகும் தழும்பு இருக்கும். மூச்சுக்குழாய் குறுகியிருந்தால் அடைப்பாகவும், ஒரு பகுதி சுருங்கியிருந்தால் சுருக்கமாகவும், இரண்டும் இருந்தால் கலவையாகவும் தாளில் வரும். முன்பு காசநோய் வந்திருக்கிறதா என்று கேட்காமல், மார்பு எக்ஸ்ரே பார்க்காமல் படித்தால் இவர்களுக்கு சி.ஓ.பி.டி. பட்டமும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் கிடைத்துவிடும். இப்போது காசநோய் இருக்கலாம் என்ற ஐயம் உள்ளவரை, சளிப் பரிசோதனைக்கு முன்பு ஊதச் சொல்லவே கூடாது. அறையில் இருப்பவர்களுக்கும் அடுத்து ஊத வருபவர்களுக்கும் அது ஆபத்து.

யானைக்கால் புழுக்களுக்கு உடல் காட்டும் அதீத எதிர்வினையால் வரும் வெப்பமண்டல இயோசினோஃபிலியாவும் இங்கே கணக்கில் இருக்க வேண்டும். இரவில் இருமலும் இளைப்பும் வருவதால் பார்வைக்கு ஆஸ்துமா. ஸ்பைரோமெட்ரியிலோ சுருக்கம் தலைகாட்டும். ஆஸ்துமா போன்ற அறிகுறியும் சுருக்க வகைத் தாளும் முரண்படும் இடத்தில் ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் விடை கிடைக்கும். டைஎதில்கார்பமசின் மாத்திரை குணப்படுத்தும். விட்டுவிட்டால் நார்த்தடிப்பில் கொண்டுபோய் விடலாம். பஞ்சுத் தூசியால் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வரும் பிஸினோசிஸ் நோய்க்கோ ஒரு தாள் போதாது. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதச் சொல்லி, எஃப்.இ.வி.1 விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

‘இயல்பு’ யாருடையது?

‘எதிர்பார்த்ததில் 74 சதவீதம்’ என்று தாள் சொல்கிறது. எதிர்பார்த்தது யார்? எங்கோ, எப்போதோ, நலமான சிலரை ஊதச் சொல்லித் தயாரித்த வாய்பாடு. அந்தச் சிலர் யார் என்பதைப் பொறுத்து 74 என்பது 85 ஆகலாம், 68-ம் ஆகலாம்.

இதன் பின்னே கசப்பான வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் அடிமை முறை நடந்த காலத்தில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பினத்தவரின் நுரையீரல் கொள்ளளவு பிறப்பிலேயே குறைவு என்று ஸ்பைரோமீட்டரைக் காட்டி எழுதினார். கட்டாய உழைப்பு அவர்கள் உடலுக்கு நல்லது என்பதே அவர் வாதத்தின் நோக்கம். உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1869-ல் பெஞ்சமின் கூல்ட் வெளியிட்ட ராணுவ அளவீடுகள் அந்த வேறுபாட்டுக்கு எண் வடிவம் கொடுத்தன. வறுமை, வேலை, உணவு எதுவும் கணக்கில் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் இது இயந்திரத்துக்குள் ஒரு பொத்தானாக இறங்கியது. கறுப்பினத்தவர் என்று தேர்ந்தால் எதிர்பார்ப்பை 10 முதல் 15 சதவீதம் குறைத்துக்கொள்ளும், ஆசியர் என்றால் 4 முதல் 6 சதவீதம்.

2012-ல் உலக நுரையீரல் செயல்பாட்டு முன்னெடுப்பு என்ற பன்னாட்டுக் குழு, 70,000-க்கும் மேற்பட்ட நலமானவர்களின் அளவுகளைக் கொண்டு 3 முதல் 95 வயதுவரைக்குமான வாய்பாடு வெளியிட்டது. அதில் வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர், மற்றவர் என்று வகைகள் இருந்தன. நூறு கோடிக்கும் மேலான தெற்காசியர்களுக்கு ஓரிடம் இல்லை. ‘மற்றவர்’ வகையில் நம்மைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

உள்நாட்டு வாய்பாடுகள் இல்லாமல் இல்லை. சென்னையில் அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இயங்கிய நிறுவனத்தின் வி.கே. விஜயனும் சக ஆய்வாளர்களும் நலமான இளம் வயதினரை அளந்து 1990-ல் வெளியிட்ட முடிவுகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. மேலைநாட்டினரைவிட இங்கே கொள்ளளவு குறைவு என்று அது காட்டியது. ஆனால் இளைஞர்களை அளந்து போட்ட சமன்பாட்டை எழுபது வயதுவரை இழுத்து நீட்டினால் விடை வரும், அந்த விடைக்கு ஆதாரம் இருக்காது. எந்த வாய்பாட்டுக்கும் வயது எல்லை உண்டு. இயந்திரம் அதைப் பொருட்படுத்தாமல் கணக்குப் போட்டுக்கொண்டே போகலாம்.

ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் நலமான தமிழர் பலர் நோயாளியாகத் தோன்றுவார்கள். சரி, நம் அளவோடே ஒப்பிடுவோம் என்றால் அங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. நம் நுரையீரல் ஏன் சிறியது? உடற்பகுதிக்கும் காலுக்கும் உள்ள நீள விகிதம் ஒரு காரணம். எடை குறைந்து பிறப்பது, சிறுவயது ஊட்டக்குறைவு, அடிக்கடி வந்த சளிக்காய்ச்சல், சமையலறைப் புகை ஆகியவையும் காரணங்கள். அப்படியானால் அந்தப் பாதிப்பையே ‘இந்தியருக்கு இது இயல்பு’ என்று வாய்பாட்டில் பொறித்துவைக்கிறோம். எந்த இனத்தவராக இருந்தாலும் குறைந்த கொள்ளளவு குறைந்த ஆயுளோடு தொடர்புடையது என்பதையும், இனவாரி வாய்பாடுகள் யார் முன்னதாக இறப்பார்கள் என்பதை மற்றவற்றைவிடச் சிறப்பாகக் கணிக்கவில்லை என்பதையும் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. 2022-ல் அதே பன்னாட்டுக் குழு இன வகை இல்லாத ஒரே உலக வாய்பாட்டைத் தந்தது. 2023-ல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் அதையே பயன்படுத்தப் பரிந்துரைத்தது.

அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. எதிர்பார்ப்பு உயர்ந்தால் அமெரிக்கக் கறுப்பினத்தவரில் பலருக்கு மறைந்திருந்த நோய் வெளிப்படும், உதவித்தொகைக்குத் தகுதி கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். அதே காரணத்தால் சிலர் நுரையீரல் புற்றுநோய் அறுவைக்குத் தகுதியற்றவர்களாகவும், தீயணைப்பு போன்ற வேலைகளுக்கு உடல் தகுதி இல்லாதவர்களாகவும் கருதப்படலாம் என்ற கவலையும் எழுந்தது. கோடு எங்கே போட்டாலும் யாரோ ஒருவர் தவறான பக்கத்தில் நிற்பார். கோட்டை ஒட்டி வரும் எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது என்று 2021-ன் புதிய விளக்க விதிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்தத் தொல்லையிலிருந்து பெருமளவு தப்ப ஒரு வழி, நோயாளியை அவருடைய பழைய அளவோடு ஒப்பிடுவது. இருபதுகளின் நடுவே உச்சம் தொட்டபின், நலமானவருக்கே எஃப்.இ.வி.1 ஆண்டுக்கு 25 முதல் 30 மில்லி குறைந்துகொண்டு வரும். தொடர்ந்து புகைப்பவர்களில் சிலருக்கு அதைப்போல இரு மடங்கு. ஆனால் ஒரே நாளில் நன்றாக ஊதிய இரண்டு ஊதல்களுக்கிடையே 150 மில்லி வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது. அது ஐந்து வருட இயற்கைத் தேய்மானத்துக்குச் சமம். ஆறு மாதம் முன்பு 1.90, இன்று 1.82 என்றால் நோய் முற்றிவிட்டது என்று பதறவும் வேண்டாம், 1.98 வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று மகிழவும் வேண்டாம். நார்த்தடிப்பு நோயில் கதை வேறு. அங்கே எஃப்.வி.சி. ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் 10 சதவீதம் இறங்கினால், உதாரணமாக 2.50 லிட்டர் 2.25 ஆனால், அது ஆயுளைப் பற்றிய செய்தி. சிகிச்சையை மறுபடி யோசித்தாக வேண்டும்.

இந்த ஒப்பீட்டைச் சதவீதத்தில் செய்யக் கூடாது. இடையில் ஆய்வகம் மென்பொருளைப் புதுப்பித்திருக்கலாம், வாய்பாடு மாறியிருக்கலாம். அப்போது 2.40 லிட்டர் ஊதியவர் அதே 2.40-ஐ ஊதியும் 82 சதவீதத்திலிருந்து 76-க்கு இறங்கியதாகத் தாள் காட்டும். எந்த வாய்பாடு என்பது பெரும்பாலும் தாளின் தலைப்பில், பெயருக்கும் வயதுக்கும் அருகே சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டு தாள்களிலும் அது ஒன்றாக இல்லையென்றால் சதவீதப் பத்தியை விட்டுவிட்டு, லிட்டர் பத்தியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.